ஜப்பானை மன்னித்தது யார்?

பாடியில் காலை ஷிப்டுக்கு ஆட்கள் உள்ளே போகிற நேரம். அம்பத்தூர் எஸ்டேட்டிலும் அதே கூட்டம்தான். பல பட்டறைகளில் கேட்டைத் தாண்டியதும் சுவரில் ஒரு பலகை தொங்கும். "சேய்ரி, சேய்டன், சேய்சோ" என்று அதில் எழுதியிருக்கும். ஜப்பான் வார்த்தைகள். வேண்டாததை அகற்று, வேண்டியதை அடுக்கி வை, பெருக்கித் துடை என்று அர்த்தம். அம்மா இருபது வருஷம் சொல்லியும் கேட்காத பிள்ளை, போர்மேன் ஜப்பான் மொழியில் சொன்னதும் கேட்கிறான்!

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் விடியற்காலையில் நின்றால், ஜப்பான் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் பஸ்களைப் பார்க்கலாம். திருமங்கலத்தில் மெட்ரோ ரயில் ஏறும் அம்பத்தூர்க்காரர், ஜப்பான் கொடுத்த கடனில் போட்ட பாதையில் போகிறார். (கடன்தான், இனாம் அல்ல. வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும்.)

ஆக, இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஜப்பான் என்றால் சம்பளம். ஜப்பான் என்றால் ஒழுங்கு. ஜப்பான் என்றால் சீக்கிரம் கெட்டுப் போகாத சாமான்.

80 வருஷங்களுக்கு முன்பு இதே ஊர்களில் ஜப்பான் என்ற சொல்லைக் கேட்டால் ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். அந்தப் பயம் எப்படிப் போயிற்று? இந்தியா ஜப்பானை மன்னித்தது. மன்னித்தது நல்ல காரியம். ஆனால் அந்த மன்னிப்பில் ஒரு குறை இருக்கிறது. அந்தக் குறை ஆவடியைத் தொடுகிறது.

சிங்கங்களைச் சுட்டார்கள்

1941 டிசம்பரில் ஜப்பான் யுத்தத்தில் குதித்தது. 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் மாதம் ரங்கூன் போயிற்று. ஏப்ரலில் ஜப்பானின் கப்பற்படை வங்காள விரிகுடாவுக்கே வந்துவிட்டது. 5-ந் தேதி கொழும்பில் குண்டு விழுந்தது. 6-ந் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. 9-ந் தேதி திருகோணமலை.

அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவசிய வேலை இல்லாதவர்கள் நகரத்தை விட்டுப் போகலாம் என்று சர்க்கார் சொன்னது. சர்க்கார் ஆபீஸ்களே உள்நாட்டு ஊர்களுக்கு இடம் மாறின. ரயிலிலும் மாட்டு வண்டியிலும் ஜனங்கள் ஓடினார்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் அப்போது ஒரு மிருகக்காட்சி சாலை இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிடுமே! ஆகவே அவற்றைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஜப்பான் படை சென்னையில் கால் வைக்கவே இல்லை. மிருகங்கள் செத்ததுதான் மிச்சம்.

அடுத்த வருஷம் இதே கதை டோக்கியோவில் நடந்தது. 1943-ல், அமெரிக்க விமானம் வந்து குண்டு போடும் என்று பயந்து, உயேனோ மிருகக்காட்சி சாலையில் மிருகங்களைக் கொன்றார்கள். அங்கே மூன்று யானைகள் இருந்தன. அவற்றைப் பட்டினி போட்டுச் சாகடித்தார்கள். சென்னைக்காரனும் டோக்கியோக்காரனும் ஒருவரை ஒருவர் எதிரி என்று நினைத்த நாளில், இரண்டு ஊரிலும் பலியானது வாயில்லாப் பிராணிகள்.

யானை கேட்ட குழந்தைகள்

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்தது. 15-ந் தேதி ஜப்பான் பணிந்தது. அமெரிக்கத் தளபதி மக்கார்தர் டோக்கியோவில் உட்கார்ந்து ஆண்டார். 1946-ல் ஜப்பானியப் பெண்கள் முதல் தடவையாக ஓட்டுப் போட்டார்கள். 1947 மே 3-ந் தேதி புதிய அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. இனிமேல் சண்டைக்குப் போவதில்லை என்று அந்தச் சட்டத்தின் 9-வது பிரிவு சொல்கிறது. ராஜாவுக்கு அதிகாரம் இல்லை. அவர் நாட்டின் அடையாளம் மட்டும்.

சோறு இல்லாத காலம் அது. அந்த நேரத்தில் டோக்கியோ குழந்தைகளுக்கு ஓர் ஆசை. யானை பார்க்க வேண்டும்! இந்தியப் பிரதம மந்திரி நேருவுக்குக் கடிதம் எழுதினார்கள். 1949-ல் நேரு மைசூரிலிருந்து ஒரு யானையை அனுப்பினார். தம் மகளின் பெயரை அதற்கு வைத்தார். "இந்திரா" யானையைப் பார்க்க டோக்கியோவே திரண்டது. 1983-ல் சாகும் வரை அது உயேனோவில் இருந்தது.

அந்த யானை ராஜதந்திரமா, அன்பா? இரண்டும்தான். நேரு குழந்தைகளுக்கு இரங்கினார். நாளைக்கு ஜப்பான் நமக்கு வேண்டும் என்றும் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் தப்பில்லை.

இந்தியா போகாத கூட்டம்

1951 செப்டம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் சமாதான மகாநாடு கூடியது. ஜப்பானோடு 48 நாடுகள் கையெழுத்துப் போட்டன. இந்தியா அந்த மகாநாட்டுக்குப் போகவே இல்லை. அமெரிக்கப் பட்டாளம் ஜப்பானிலேயே தங்குவது நேருவுக்குப் பிடிக்கவில்லை. ஜப்பானின் சில தீவுகளை அமெரிக்கா கையில் வைத்துக்கொள்வதும் பிடிக்கவில்லை. தைவான் தீவு சீனாவுக்கு என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதவும் இல்லை. தோற்றவனுக்கும் மானம் உண்டு, மற்ற சுதந்திர நாடுகளோடு அவனைச் சமமாக உட்கார வைக்க வேண்டும் என்பது இந்தியாவின் கட்சி.

1952 ஜூன் 9-ந் தேதி டோக்கியோவில் இந்தியா தனியாக ஓர் ஒப்பந்தம் செய்தது. நஷ்ட ஈடு ஒரு பைசாவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது.

அப்போது எல்லோரும் இப்படி விட்டுக் கொடுக்கவில்லை. 1954-ல் பர்மா 20 கோடி டாலர் நஷ்ட ஈடு பேசி முடித்தது. 1956-ல் பிலிப்பைன்ஸ் 55 கோடி டாலர் வாங்கியது. 1958-ல் இந்தோனேஷியாவுக்கு 22 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. பஞ்சத்தில் கிடந்த இந்தியாதான் வேண்டாம் என்றது.

அதன் பலன் வீண் போகவில்லை. 1957 மே மாதம் ஜப்பான் பிரதம மந்திரி கிஷி டெல்லிக்கு வந்தார். பதவியில் இருக்கும்போதே இந்தியாவுக்கு வந்த முதல் ஜப்பான் பிரதமர் அவர்தான். யார் இந்தக் கிஷி? 1941-ல் யுத்தப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட மந்திரிகளில் ஒருவர்! யுத்தக் குற்றவாளி என்று சந்தேகப்பட்டு 1948 வரை சிறையில் வைத்திருந்தார்கள். விசாரணை இல்லாமல் விட்டுவிட்டார்கள். ஒன்பது வருஷத்தில் பிரதமர்! மற்ற ஆசிய நாடுகளில் அவரைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. டெல்லி அவரை மாலை போட்டு வரவேற்றது. 1958-ல் ஜப்பான் தன் சரித்திரத்திலேயே முதல் தடவையாக வெளிநாட்டுக்கு யென் கடன் கொடுத்தது. அந்த முதல் கடன் இந்தியாவுக்குத்தான். 1,800 கோடி யென்.

கிஷியின் பேரன்தான் ஷின்ஸோ அபே. 2007-ல் பிரதமராக டெல்லிக்கு வந்து நம் பார்லிமெண்டில் பேசினார். பிறகு கல்கத்தாவுக்குப் போய், ராதா வினோத் பாலின் மகனைச் சந்தித்தார். ராதா வினோத் பால், டோக்கியோ யுத்தக் குற்ற வழக்கை விசாரித்த 11 நீதிபதிகளில் ஒருவர். யுத்தம் தொடங்கியது குற்றம் என்று சொல்ல அப்போது சட்டமே இல்லை, ஜெயித்தவன் தோற்றவனுக்குத் தீர்ப்பு எழுதுவது நீதி ஆகாது என்று 1948-ல் அவர் தனியாகத் தீர்ப்பு எழுதினார். ஜப்பான் படை கொடுமையே செய்யவில்லை என்று பால் சொல்லவில்லை. கொடுமைகளுக்கு மலை போல் சாட்சி இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். ஜப்பானில் சிலர் அந்தப் பாதியை விட்டுவிட்டு மறு பாதியை மட்டும் படிக்கிறார்கள்.

ஆவடியும் அந்த வருஷமும்

ஆவடிக்கு வருவோம். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு நடந்தது. சோஷலிச மாதிரிச் சமுதாயம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. பள்ளிப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து, ஏப்ரலில், இந்தோனேஷியாவில் பாண்டுங் மகாநாடு. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய அந்தச் சபையில் ஜப்பானும் வந்து உட்கார்ந்தது. அதே வருஷம் நவம்பரில் ஜப்பானில் இரண்டு கட்சிகள் ஒன்றாகி "லிபரல் ஜனநாயகக் கட்சி" பிறந்தது. 1993 வரை அந்தக் கட்சிதான் அங்கே ஆண்டது.

ஆவடி மகாநாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதற்கு முந்திய ஆவடியைப் பற்றிப் பேசுவதில்லை. யுத்தகாலத்தில் அங்கே ஜப்பானோடு சண்டை போடும் பட்டாளத்துக்காகக் கிடங்குகளும் முகாம்களும் எழுந்தன. அதற்கும் முன்பே ஆவடியில் வேறு ஒரு முகாம் இருந்தது. அது கூலி டிப்போ!

மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் அனுப்ப, மலாயா சர்க்கார் தமிழ்நாட்டில் இரண்டு டிப்போக்கள் வைத்திருந்தது. ஒன்று நாகப்பட்டினம். இன்னொன்று ஆவடி. 1920-களிலும் 1930-களிலும், வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்கள் அங்கே தங்கின. டாக்டர் பார்ப்பார். அம்மை குத்துவார்கள். துணிமணிகளை வெந்நீரில் போட்டு எடுப்பார்கள். பிறகு கப்பல். பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர். "ரஜூலா" கப்பலின் பேர் தெரியாத மலாயாத் தமிழர் வீடே கிடையாது.

1938-ல் இந்திய சர்க்கார் கூலி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. போனவர்கள் அங்கேயே இருந்தார்கள். பால் மரம் சீவினார்கள். நான்கு வருஷத்தில் ஜப்பான்காரன் வந்தான்.

சயாம் ரயில்

பர்மாவில் இருந்த தன் படைக்குச் சாமான் அனுப்ப ஜப்பானுக்கு வழி வேண்டியிருந்தது. கடல் வழியில் எதிரிக் கப்பல் இருந்தது. ஆகவே சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் வெட்டி ரயில் போட முடிவு செய்தார்கள். நீளம் 415 கிலோமீட்டர். பல வருஷம் பிடிக்கும் வேலை. 1942-ல் தொடங்கி 1943 அக்டோபர் 17-ந் தேதி முடித்துவிட்டார்கள்.

எப்படி முடிந்தது? ஆளைக் கொன்று முடித்தார்கள்.

சுமார் 60,000 வெள்ளைக்காரக் கைதிகள் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். இது உலகத்துக்குத் தெரியும். சினிமாவே எடுத்தார்கள். ஆனால் அந்தக் கைதிகளைப் போல மூன்று மடங்கு ஆசியக் கூலிகள் அங்கே இருந்தார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டு போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். ஆசியக் கூலிகளில் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டார்கள் என்பது மதிப்பீடு.

முதலில் ஆசை காட்டினார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு என்றார்கள். ரப்பர் விற்பனை நின்று தோட்டங்களில் பட்டினி. நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் மறுத்தார்கள். பிறகு பிடித்துப் போனார்கள். இலவச சினிமா என்று சொல்லிக் கூட்டம் சேர்த்து, கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றினார்கள் என்று பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

வெள்ளைக்காரக் கைதிகளுக்குள் டாக்டர்கள் இருந்தார்கள். ஆபீசர்கள் இருந்தார்கள். கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று கண்டிப்புச் செய்ய ஆள் இருந்தது. யார் செத்தார், எங்கே புதைத்தோம் என்று ரகசியமாகக் குறித்து வைத்தார்கள். தமிழ்க் கூலிக்கு யார் இருந்தார்கள்? 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. கொட்டகை கொட்டகையாகச் செத்தார்கள். குழியில் தள்ளினார்கள், குவித்து எரித்தார்கள். கணக்கு எழுதவில்லை.

ரயில் பாதை இணைந்த நான்காம் நாள், 1943 அக்டோபர் 21-ந் தேதி, சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய சர்க்காரைப் பிரகடனம் செய்தார். தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அவர் படையில் சேர்ந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். ஜப்பானின் துணையோடு சுதந்திரம் என்று ஒரு தமிழன் அணிவகுத்தான். அதே ஜப்பானின் தடியடியில் இன்னொரு தமிழன் சயாமில் மண் சுமந்தான். ஒரே தோட்டத்து அண்ணனும் தம்பியுமாகக்கூட இருந்திருக்கலாம். படையில் சேர்ந்தால் சயாமுக்குப் பிடித்துப் போக மாட்டார்கள் என்று சேர்ந்தவர்களும் உண்டு.

ஜப்பான் மீது இந்தியாவுக்குக் கோபம் வராததற்கு இதுதான் பெரிய காரணம். வெள்ளைக்காரனுக்கு எதிரி, ஆகவே நமக்கு நண்பன். வடக்கே இருந்தவர்கள் நேதாஜியைப் பார்த்தார்கள். சயாமைப் பார்க்கவில்லை.

ஆறாவது பிரிவு

1952 ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவைப் படிக்க வேண்டும். முதலில், இந்தியா நஷ்ட ஈட்டை விட்டுக் கொடுக்கிறது. இது சர்க்காரின் பணம். சர்க்கார் விடலாம். அடுத்த வாக்கியம்தான் உறுத்துகிறது. யுத்தத்தில் ஜப்பான் செய்த செயல்களுக்காக இந்தியக் குடிமக்களுக்கு இருந்த கோரிக்கைகளையும் இந்தியா கைவிடுகிறது.

குடிமக்கள் என்றால் யார்? புருஷன் சயாமுக்குப் போய்த் திரும்பாத பெண்ணும்தான். அவளை யார் கேட்டார்கள்? சேலத்துக்கோ செங்கல்பட்டுக்கோ பிள்ளைகளோடு திரும்பி வந்து கூலி வேலை செய்தவள், டோக்கியோவில் தன் கோரிக்கை தள்ளுபடி ஆனதைத் தெரிந்துகொண்டிருப்பாளா?

மலாயாவிலேயே தங்கிவிட்டவர்களுக்காவது கிடைத்ததா? மலாயா அப்போது வெள்ளையர் கையில் இருந்தது. சான்பிரான்சிஸ்கோவில் வெள்ளையர் கையெழுத்துப் போட்டு விஷயத்தை முடித்தார்கள். 1967-ல் ஜப்பான் மலேசியாவுக்கு 2½ கோடி வெள்ளி மதிப்புள்ள சாமான்கள் தர ஒத்துக்கொண்டது. அது இரண்டு கப்பல்களாக வந்தது. இத்தோடு யுத்த விவகாரம் தீர்ந்தது என்று எழுதிக்கொண்டார்கள். தமிழனை ஏற்றிப் போனதும் கப்பல். கணக்கைத் தீர்த்ததும் கப்பல்!

நேரு செய்தது தவறு என்று சொல்லிவிட முடியாது. அன்று நஷ்ட ஈடு கேட்டிருந்தால் பட்டினி கிடந்த ஜப்பானிய ஜனங்கள்தான் கொடுத்திருக்க வேண்டும். யுத்தம் செய்த தளபதிகள் கொடுத்திருக்க மாட்டார்கள். விட்டுக் கொடுத்ததால் வந்த நட்பு பாடி வரைக்கும் பலன் தந்திருக்கிறது. 1998 மே மாதம் இந்தியா அணுகுண்டு சோதனை செய்தது. குண்டடி பட்ட ஜப்பான் கோபித்துக்கொண்டு புதிய கடன்களை நிறுத்தியது. 2001 வரை அந்தக் கோபம் நீடித்தது. ஆனால் அதே 1998-ல் பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் தொழிற்சாலை ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அந்தப் பரிசை முதலில் வாங்கியது அதுதான். பிறகு சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், ரானே பிரேக் லைனிங்ஸ், லூகாஸ் டி.வி.எஸ். என்று இந்தப் பக்கத்துப் பேர்கள் வரிசையாக வந்தன. சர்க்கார்கள் பேசாமல் இருந்தபோதும் ஜப்பானியப் பேராசிரியர்கள் இங்கே வந்து பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பகைத்துக்கொண்டிருந்தால் இது வராது.

குறை எங்கே என்றால், பணத்தை விட்டபோது பேரையும் விட்டுவிட்டார்கள். நஷ்ட ஈடு வேண்டாம் என்ற இந்தியா, செத்தவர்களின் பட்டியலைக் கேட்டிருக்கலாம். அதற்கு ஜப்பானுக்குச் செலவே இல்லை. 1995 ஆகஸ்ட் 15-ந் தேதி ஜப்பான் பிரதமர் முராயாமா ஆசிய மக்களிடம் மனமார வருத்தம் தெரிவித்தார். பொதுவாகச் சொன்னார். சயாமில் எரிந்த தமிழனுக்கு என்று தனியாக ஒரு சொல் இல்லை. கேட்காதவனுக்கு யார் சொல்வார்கள்?

இப்போதும் கேட்கலாம். ஆவடி டிப்போ வழியாகப் போனவர்களைப் பற்றிய சர்க்கார் காகிதங்களை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடலாம். ஜப்பான் ராணுவத்தின் பழைய ஏடுகளைத் திறந்து காட்டும்படி டெல்லி கேட்கலாம். மெட்ரோவுக்குக் கடன் பேச ஜப்பானியர் வரும்போது இதையும் பேசினால் நட்பு முறிந்துவிடாது. கணக்கைச் சுத்தமாக எழுதுவதில் பேர் போனவர்கள் அவர்கள்.

வீட்டிலும் வேலை இருக்கிறது. தாத்தாவின் அண்ணன் மலாயா போனார், அப்புறம் தகவல் இல்லை என்ற பேச்சு எத்தனையோ குடும்பங்களில் உண்டு. எந்த வருஷம், எந்தத் தோட்டம், கடைசிக் கடிதம் எப்போது? தெரிந்த பாட்டிமார் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள்.

தாய்லாந்தில் காஞ்சனபுரியில் யுத்தக் கல்லறை இருக்கிறது. ஏறத்தாழ 7,000 வெள்ளைக்கார வீரர்களின் கல்லறைகள் அங்கே வரிசை வரிசையாக உள்ளன. பெரும்பாலான கல்லில் பேர், வயது, பட்டாளம் எல்லாம் செதுக்கியிருக்கிறது. கூலிகளுக்கு அந்த வரிசையில் இடம் இல்லை.

டோக்கியோவில் யாசுகுனி என்ற கோயில் இருக்கிறது. யுத்தத்தில் இறந்த ஜப்பானியரைக் கும்பிடும் இடம். 2005-ல் அந்த வளாகத்தில் நீதிபதி பாலுக்கு ஒரு நினைவுக் கல் வைத்தார்கள். அதே வளாகத்தில் ஒரு மியூசியம். உள்ளே நுழைந்ததும் ஒரு ரயில் என்ஜின் நிற்கிறது. சயாம் ரயில் பாதை திறந்த அன்று ஓடிய என்ஜின். 1979-ல் தாய்லாந்திலிருந்து கொண்டு வந்து, துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள். அதற்கு நம்பர் உண்டு. சி56 31.